ஏ340ஈ ஆட்டோமேட்டிக்: ஓவர்டிரைவ் ஒரு நேரம் விழுகிறது, ஒரு நேரம் விழுவதில்லை

நேர்வரிசை_ஆறு:

வணக்கம். வண்டி 1990 மாடல், 3 லிட்டர் ஆறு சிலிண்டர் பெட்ரோல், பின்சக்கர இயக்கம். கியர்பாக்ஸ் ஏ340ஈ, நாலு கியர், எலக்ட்ரானிக் வகை. இதுவரை 2,38,000 கி.மீ. ஓடியிருக்கிறது.

1, 2, 3 மூன்றும் பிசிறில்லாமல் மாறுகின்றன. நாலாவதான ஓவர்டிரைவ் மட்டும் தன் இஷ்டத்துக்கு வருகிறது. காலையில் எடுத்தால் அரை மணி நேரம் ஓட்டினாலும் மூன்றிலேயே நிற்கிறது, 100 கி.மீ. வேகத்தில் டாக்கோமீட்டர் 3,300 காட்டுகிறது. ஊருக்குள் நெரிசலில் நின்று நின்று போய்விட்டு வெளியே வந்தால் உடனே விழுந்துவிடும், முள் 2,350-க்கு இறங்கும். அப்படி விழுந்த பிறகும் நீண்ட இறக்கத்திலோ மழையிலோ போனால் தானாகவே மூன்றுக்குத் திரும்பிவிடுகிறது. உதறலோ சத்தமோ இல்லை, யாரோ பட்டனை அமுக்கிய மாதிரி அமைதியாக மாறுகிறது.

மீட்டரில் ‘ஓ.டி. ஆஃப்’ விளக்கு எரியவும் இல்லை, மின்னவும் இல்லை. பட்டனை அமுக்கினால் எரிகிறது, மறுபடி அமுக்கினால் அணைகிறது. கியர் ஆயில் டிப்ஸ்டிக்கில் சூடான அளவுக் கோட்டுக்குள் இருக்கிறது. நிறம் லேசான பழுப்பு, கருகல் வாடை இல்லை. பெட்ரோல் செலவு கூடியிருக்கிறது, ஓவர்டிரைவ் இல்லாததால்தான் என்று எடுத்துக்கொண்டேன். வெப்பமானி ஊசி கால் பங்கைத் தாண்டுவது அபூர்வம், அதனால் என்ஜின் சூட்டில் பிரச்சனை ஏதும் இல்லை.

காட்டிய இடத்தில் வால்வு பாடியை (எண்ணெய் அழுத்தத்தை கியர்களுக்குப் பிரித்தனுப்பும் பகுதி) கழற்ற வேண்டும், ஓவர்டிரைவ் பிரேக் தேய்ந்திருக்கும், முழு ஓவர்ஹால் என்கிறார்கள். பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் நானே பார்க்கக்கூடியது என்னென்ன? மல்டிமீட்டர் இருக்கிறது, ஜாக்கி ஸ்டாண்டும் இருக்கிறது.


வால்வுபாடி:

பிரிக்க வேண்டாம், பொறுங்கள். இந்தப் பெட்டியில் ஓவர்டிரைவ் வராமல் போக மூன்றே இடங்கள். ஒன்று, கணினி ‘நாலுக்குப் போ’ என்று கட்டளையே தரவில்லை. இரண்டு, கட்டளை தந்தும் வயரிலோ சொலினாய்டிலோ (மின்சாரத்தால் எண்ணெய் வழியைத் திறந்து மூடும் வால்வு) தடைபட்டது. மூன்று, எண்ணெய் அழுத்தம் போய்ச் சேர்ந்தும் உள்ளே பிரேக் பிடிக்கவில்லை. மூன்றையும் பெட்டியைத் திறக்காமலே பிரித்துப் பார்க்க முடியும். ஓவர்ஹால் மூன்றாவதற்கு மட்டுமே மருந்து.

முதலில், போனது ஓவர்டிரைவ்தானா, லாக்-அப்பா (என்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள கன்வெர்ட்டர் என்ற எண்ணெய் இணைப்பை வழுக்காமல் நேராகப் பூட்டுவது) என்று உறுதி செய்யுங்கள். பலர் இதில்தான் குழம்புகிறார்கள். சமதளத்தில் 100-ல் சீராகப் போகும்போது ஓ.டி. பட்டனை அமுக்குங்கள். ஆர்பிஎம் ஏறினால் அதுவரை நாலில் இருந்தீர்கள். ஏறவே இல்லையென்றால் மூன்றில் இருந்தீர்கள். இந்தப் பெட்டியில் மூன்றாவது விகிதம் 1.000, ஓவர்டிரைவ் 0.705. ஆகவே நாலு விழும்போது ஆர்பிஎம் ஏறத்தாழ 30 சதவீதம் இறங்க வேண்டும். நீங்கள் சொன்ன 3,300-ஐ 0.705 ஆல் பெருக்கினால் 2,327. உங்கள் 2,350-ஓடு ஒத்துப்போகிறது, ஆக உங்களுக்குப் போவது நாலாவது கியரேதான். லாக்-அப் பிடிக்கும்போது இறங்குவது 200, 300 மட்டுமே. அதைச் சோதிக்க, ஓடும்போது பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் இடது காலால் பெடலைத் தொடுங்கள். லாக்-அப் விட்டு ஆர்பிஎம் சற்றுத் துள்ளும்.

அடுத்து கோடு, அதாவது கணினி பதிந்துவைக்கும் பிழை எண், படிப்பது. விளக்கு தானாக மின்னவில்லை என்றாலும் படித்துவிடுங்கள். என்ஜின் அறையில் கறுப்பு மூடியோடு ஒரு டயக்னாசிஸ் பெட்டி இருக்கும். மூடியின் உட்புறத்திலேயே பின்களின் பெயர் அச்சிட்டிருக்கும். இக்னிஷன் ஆன், என்ஜின் ஓடக்கூடாது. ஓ.டி. பட்டன் ஆனில், அதாவது விளக்கு அணைந்த நிலையில் இருக்க வேண்டும். ஆஃபில் இருந்தால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், கோடு வராது. டிஇ1, இ1 இரண்டு பின்களையும் சிறு வயரால் இணையுங்கள். அதே பெட்டியில் +பி என்று பேட்டரி மின்சாரம் வரும் பின்னும் உண்டு. அதை இ1-ஓடு இணைத்தால் நேரடி ஷார்ட், ஆகவே பெயரை இரண்டு முறை படித்துவிட்டுச் செருகுங்கள்.

விளக்கு விநாடிக்கு இரண்டு முறை இடைவிடாமல் மின்னினால் கோடு ஏதுமில்லை. கோடு இருந்தால் மெதுவாக மின்னும். ஆறு முறை, ஒன்றரை விநாடி இடைவெளி, பிறகு இரண்டு முறை என்றால் 62. அர்த்தம் இப்படி: 42 மீட்டரிலுள்ள வேக சென்சார், 61 பெட்டியின் வால்பகுதியிலுள்ள வேக சென்சார், 62 முதல் சொலினாய்டு, 63 இரண்டாவது, 64 லாக்-அப் சொலினாய்டு. வேலை முடிந்ததும் இக்னிஷனை அணைத்து 15 ஆம்பியர் ஈஎஃப்ஐ ஃபியூஸைப் பத்து விநாடிக்கு மேல் கழற்றி வைத்தால் கோடுகள் அழியும்.

இனிச் சொல்வதுதான் முக்கியம். அதே டயக்னாசிஸ் பெட்டியில் டிடி என்று ஒரு பின் இருக்கிறது. கணினி இந்த நொடியில் எந்த கியரைக் கேட்கிறது என்பதை வோல்ட்டாக அது சொல்லும். டிடி-க்கும் இ1-க்கும் நடுவே மல்டிமீட்டரை மாட்டி வயரை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து படிக்கட்டும், ஓட்டுபவர் பார்க்க வேண்டாம். முதல் கியரில் 0, இரண்டில் 2 வோல்ட், இரண்டில் லாக்-அப் 3, மூன்றில் 4, மூன்றில் லாக்-அப் 5, ஓவர்டிரைவ் 6, ஓவர்டிரைவில் லாக்-அப் 7. மூன்றில் சிக்கி நிற்கும் நேரத்தில் மீட்டர் 4 அல்லது 5 காட்டினால், கணினி நாலைக் கேட்கவே இல்லை. பெட்டி மேல் குற்றமில்லை. 6 காட்டியும் ஆர்பிஎம் இறங்கவில்லை என்றால் கீழே பார்க்க வேண்டும்.

கடைசியாக, சொலினாய்டு கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது. பெட்டியின் பக்கவாட்டில் இருக்கிறது. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, சைலன்ஸர் குழாய் ஆறிய பிறகு கை வையுங்கள். கழற்றியதும் பெட்டி முழுக்க லீவரின் சொல்படி நடக்கும்: எல்-ல் முதல் கியர், 2-ல் மூன்றாவது, டி-யில் ஓவர்டிரைவ். எல்-ல் கிளம்பி, 30-ஐ நெருங்கும்போது 2, பிறகு 60-க்கு மேல் டி. டி-க்குத் தள்ளியதும் ஆர்பிஎம் உறுதியாக இறங்கி நின்றால் உள்ளே இருக்கும் ஓவர்டிரைவ் பாகங்கள் உயிரோடு இருக்கின்றன. ஓடும்போது தவறிக்கூட எல்-க்கு இழுக்காதீர்கள். கணினியின் காவல் இல்லாமல் நேராக முதல் கியர் விழும். டி-யில் நின்ற இடத்திலிருந்து கிளப்பவும் வேண்டாம், நாலாவது கியரில் கிளம்புவதால் கன்வெர்ட்டரில் எண்ணெய் கொதிக்கும். சோதனை முடிந்ததும் சொலினாய்டு கோடுகள் பதிவாகியிருக்கும், அழித்துவிடுங்கள்.


கார்சித்தன்:

இவ்வளவு எதுக்குங்க? ஓவர்டிரைவ் மட்டும் வரலைன்னா நூத்துக்குத் தொண்ணூறு இரண்டாவது சொலினாய்டு போயிருக்கும், இல்ல அதோட வயர் அறுந்திருக்கும். பான் (பெட்டி அடியில இருக்கற ஆயில் தட்டு) கழட்டி இரண்டு சொலினாய்டையும் மாத்துங்க, ஆயிலும் ஃபில்டரும் புதுசு போடுங்க, சரியாயிடும்.


வயர்முனை:

கார்சித்தன் அண்ணா சொல்றது வேற பல பெட்டிக்குப் பொருந்தும், இதுக்குப் பொருந்தாது. முதல் சொலினாய்டு எஸ்1, இரண்டாவது எஸ்2. ஏ340ஈ-ல சொலினாய்டு கணக்கு இப்படி: முதல் கியர்ல எஸ்1 ஆன், எஸ்2 ஆஃப். இரண்டாவதுல ரெண்டும் ஆன். மூணாவதுல எஸ்1 ஆஃப், எஸ்2 ஆன். ஓவர்டிரைவ்ல ரெண்டுமே ஆஃப். அதாவது மின்சாரம் இல்லாத நிலைதான் ஓவர்டிரைவ். வால்வுபாடி சொன்ன கனெக்டர் கழட்டும் சோதனை வேலை செய்யறதே இதனாலதான்.

எஸ்2 வயர் அறுந்தா என்ன ஆகும்னு பாருங்க. ஓவர்டிரைவ் காணாமப் போகாது; 2-ம் 3-ம்தான் காணாமப் போகும். முதல்லேருந்து நேரா நாலுக்குத் தாவும், விளக்கு மின்னும், 63 பதியும். கேட்டவருக்கு 2, 3 ரெண்டும் சுத்தமா வருது, விளக்கும் மின்னலை. அதனால அறுந்த வயர், எரிஞ்ச காயில் ரெண்டையும் இப்பவே தள்ளி வைக்கலாம். எஸ்2 மின்சாரம் போன பிறகும் உள்ள பிசின் பிடிச்சு திரும்பாம நின்னா மட்டும் நாலு தடைபடும். அது உண்டு, ஆனா அது சூடு, மழை, நெரிசல் பார்த்து வராது.

இருந்தாலும் அளந்து பார்க்கறதுல தப்பில்லை. ஒவ்வொரு சொலினாய்டும் பின்லேருந்து பாடி எர்த்துக்கு 11-லேருந்து 15 ஓம் இருக்கணும். கணினி கனெக்டர் பக்கம் ஒரு தடவை, பெட்டி கனெக்டர் பக்கம் ஒரு தடவை அளங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் இருந்தா நடுவுல வயர் கெட்டிருக்கு. குளிர்ந்த நிலைல மட்டும் அளந்துட்டு விட்டுடாதீங்க, ஓட்டிட்டு வந்து சூடா ஒரு தடவை அளங்க. மயிரிழை விரிசல் விட்ட காயில் சூட்டுலதான் காட்டிக் கொடுக்கும். பின் முனைல 12 வோல்ட் தொட்டா ‘டிக்’னு தெளிவாக் கேக்கணும்.

இப்ப கணினி ஏன் நாலைக் கேக்காம இருக்கும்னு பார்ப்போம். இதுக்கு ஐந்தாறு காரணம் இருக்கு.

கூலன்ட் சூடு. என்ஜின் தண்ணி ஒரு அளவுக்குச் சூடாகற வரைக்கும் கணினி ஓவர்டிரைவ் தராது. மாடலைப் பொறுத்து 50-லேருந்து 60 டிகிரிக்குள்ள அந்த எல்லை இருக்கும். குளிர்ந்த என்ஜின்ல ஆர்பிஎம் இறங்கினா இன்னும் ஆறிப் போகும்ங்கறதால அப்படி வெச்சிருக்காங்க. உங்க கேள்வியில எனக்கு உறுத்தற வரி, ஊசி கால் பங்கைத் தாண்டறதில்லைங்கறது. அது நல்ல அறிகுறி இல்லைங்க. சரியான தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடாகற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) இருந்தா பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துல ஊசி பாதிக்குப் பக்கத்துல வந்து அங்கேயே நிக்கணும். நெரிசல்ல காத்து இல்லாததால தண்ணி சூடாகுது, நாலு வருது. இறக்கத்துல என்ஜின் சுமையில்லாம ஓடுது, ரேடியேட்டர்ல காத்து அடிக்குது, தண்ணி ஆறுது, நாலு போகுது. பெட்ரோல் கூடக் குடிக்கறதும் இதோட ஒட்டிப் போகும். என்ஜின் இன்னும் குளிர்ல இருக்குன்னு நினைச்சு கலவையைக் கெட்டியாவே வெச்சிருக்கும்.

மத்தது: ஓ.டி. பட்டன் வயர் லீவர் அடியில உரசி பாடியைத் தொட்டா நாலு போகும், ஆனா அப்ப விளக்கும் கூடவே எரியும். உங்களுக்கு எரியலை, விடுங்க. க்ரூஸ் கன்ட்ரோல் இருந்தா, வேகம் வெச்சதை விட 10 கி.மீ. அளவு குறைஞ்சதும் க்ரூஸ் கணினி நாலை ரத்து பண்ணும். அந்தப் பெட்டி கெட்டா எப்பவும் ரத்து பண்ணிக்கிட்டே இருக்கும். அதோட கனெக்டரைக் கழட்டிட்டு ஒரு தடவை ஓட்டினா தெரிஞ்சுடும். லீவர் டி-ல இருக்கும்போது நியூட்ரல் ஸ்விட்ச்சோட ‘2’ வயர்ல 12 வோல்ட் வந்தா, லீவர் 2-ல இருக்குன்னு கணினி ஏமாந்துடும். பெட்டி பக்கவாட்டுல இருக்கற ஸ்விட்ச்சுக்குள்ள தண்ணி இறங்கி பச்சை பிடிச்சா இப்படி ஆகும். மழைல போகுதுன்னு சொல்றதால இதையும் மறக்காம அளங்க.

த்ராட்டில் சென்சாருக்கும் டிடி பின்னே போதும். என்ஜின் ஓடாம, இக்னிஷன் ஆன்ல, ஆக்சிலரேட்டரை மெதுவா முழுசும் மிதிங்க. 0-லேருந்து 8 வோல்ட் வரைக்கும் படிப்படியா ஏறணும். நடுவுல தாவினாலோ, கால் எடுத்த நிலைலயே 0-க்கு வராட்டாலோ சென்சார் சரியில்லை.


நேர்வரிசை_ஆறு:

மூன்று நாளாக அளந்ததை அப்படியே தருகிறேன்.

கோடு: விநாடிக்கு இரண்டு முறை இடைவிடாமல் மின்னல், ஒன்றும் பதியவில்லை. பட்டன் சோதனை: காலையில் 100-ல் அமுக்கினால் ஆர்பிஎம் அசையவில்லை. டிடி பின்: அதே நேரத்தில் 4 வோல்ட், எவ்வளவு ஓட்டினாலும் 6-ஐத் தொடவில்லை. நெரிசலுக்குப் பிறகு 6, சற்று நேரத்தில் 7. இறக்கத்தில் தானாக மூன்றுக்கு வந்தபோது மீட்டரும் 7-லிருந்து 4-க்கு வந்தது.

சொலினாய்டுகள் குளிரில் 13.1, 12.9, 13.4 ஓம். சூட்டில் மூன்றும் ஓர் ஓம் அளவு கூடின, அறுபடவில்லை. கனெக்டர் கழற்றி ஓட்டினேன்: எல், 2, டி மூன்றும் சொன்னபடி. டி-யில் தள்ளியதும் ஆர்பிஎம் சட்டென இறங்கி நின்றது, வழுக்கவில்லை.

நியூட்ரல் ஸ்விட்ச்சின் ‘2’ வயரில் டி-யில் 0 வோல்ட், தண்ணீர் தெளித்தும் பார்த்தேன், 0 தான். த்ராட்டில் 0 முதல் 8 வரை ஒழுங்காக ஏறுகிறது. இந்த வண்டியில் க்ரூஸ் இல்லை.

இருபது நிமிடம் ஓட்டி நிறுத்தி, இரண்டு வயர் உள்ள கூலன்ட் சென்சாரைக் கழற்றி அளந்தேன்: 780 ஓம். மேல் ரேடியேட்டர் ஹோஸைக் காலையில் ஸ்டார்ட் செய்ததிலிருந்து கையில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு நிமிடத்திலேயே வெதுவெதுப்பு வந்துவிட்டது, அதற்கு மேல் சூடு ஏறவே இல்லை.


வால்வுபாடி:

அருமையாக அளந்திருக்கிறீர்கள். பெட்டியைத் தொட வேண்டாம்.

அந்த 780 ஓமைப் பாருங்கள். இந்தச் சென்சார் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 40-ல் 0.9 முதல் 1.3 கிலோ ஓம், 60-ல் 400 முதல் 700 ஓம், 80-ல் 200 முதல் 400 ஓம் இருக்க வேண்டும். 780 என்பது 40-க்கும் 60-க்கும் நடுவே, 50-ஐ ஒட்டிய இடம். இருபது நிமிடம் ஓடிய என்ஜின் 80-க்கு மேல் இருந்திருக்க வேண்டும். கணினி பார்ப்பது ஓவர்டிரைவ் எல்லைக்குச் சற்றுக் கீழே தத்தளிக்கும் ஓர் எண்ணை. அதனால்தான் விழுவதும் போவதுமாக இருக்கிறது.

இனி ஒரே ஒரு கேள்விதான் மிச்சம்: தண்ணீர் உண்மையிலேயே 50-ல் இருக்கிறதா, சென்சார் பொய் சொல்கிறதா? உங்களிடம் இரண்டு தனிச் சாட்சிகள் இருக்கின்றன. மீட்டர் ஊசிக்கு வேறு சென்சார், ஒற்றை வயர் உள்ளது. அதுவும் குளிர் என்கிறது. ஹோஸும் அதையே சொல்கிறது. தெர்மோஸ்டாட் மூடியிருக்கும் வரை மேல் ஹோஸ் குளிர்ந்தே இருந்து, திறந்ததும் சட்டெனக் கை வைக்க முடியாத சூடாக மாற வேண்டும். இரண்டு நிமிடத்தில் வெதுவெதுப்பு என்றால் தண்ணீர் முதல் நொடியிலிருந்தே ரேடியேட்டருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றுவிட்டது, அல்லது யாரோ ஒருமுறை என்ஜின் சூடாகிறது என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டார்கள்.

கோடு ஏன் வரவில்லை என்று தோன்றலாம். இந்தக் காலத்துக் கணினி கூலன்ட் சென்சாருக்குக் கோடு 22 போடுவது வயர் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோ மட்டும்தான். 50 டிகிரி அதன் கணக்கில் நியாயமான எண். நேரமாகியும் சூடேறவில்லையே என்று சந்தேகப்பட அதற்குத் தெரியாது.

தெர்மோஸ்டாட் மாற்றும் முறை: என்ஜின் முழுதாக ஆறட்டும், சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் தொடவே வேண்டாம். அடியிலுள்ள குழாயைத் திறந்து இரண்டு மூன்று லிட்டர் கூலன்ட்டைச் சுத்தமான வாளியில் பிடியுங்கள். தெர்மோஸ்டாட்டின் ஹவுசிங்கை (மூடியை) கழற்றி, பழைய கேஸ்கெட் துணுக்குகளைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி எடுங்கள். அலுமினியத்தில் இரும்பால் கீறினால் அங்கேயே கசியும். புதியதில் ஓரத்தில் ஆடும் சிறு காற்று வால்வு இருக்கும், அது மேல்பக்கம் வர வேண்டும். ஸ்பிரிங் உள்ள பக்கம் என்ஜினை நோக்கி. தெர்மோஸ்டாட்டின் தகட்டில் திறக்கும் வெப்பநிலை பொறித்திருக்கும். கையேட்டில் உங்கள் என்ஜினுக்குச் சொன்ன எண்ணையே வாங்குங்கள். ‘குளிராக ஓடட்டும்’ என்று குறைந்த எண் போட்டால் இதே தொல்லையை மறுபடி விலைக்கு வாங்குகிறீர்கள்.

போடும் முன் புதியதைத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்கிப் பாருங்கள். பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது, நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். பொறித்த எண்ணை ஒட்டி அசையத் தொடங்கி, கொதிநிலை நெருங்கும்போது 8 மி.மீ. அளவுக்குத் திறந்து, ஆறியதும் வெளிச்சம் தெரியாமல் மூட வேண்டும். பழையதையும் அப்படியே செய்து பாருங்கள்.


பழையபிஸ்டன்:

இதே பெட்டிதான், வேறு தொல்லை, இங்கேயே கேட்டுவிடுகிறேன். டிடி பின் 6 காட்டுகிறது, ஆனால் 3-லிருந்து 4-க்கு மாறும்போது ஆர்பிஎம் ஒரு கணம் 500 அளவு ஏறி, பிறகு பிடிக்கிறது. மெதுவாக ஓட்டினால் குறைவு, மிதித்தால் அதிகம். இதற்கும் தெர்மோஸ்டாட்டா?


வயர்முனை:

இல்லைங்க. உங்களுக்குக் கட்டளை ஒழுங்கா வருது, பிடிமானம்தான் தாமதம். ஏ340-ல ஓவர்டிரைவ் தொகுதி பெட்டியோட முன்பக்கம், மத்த மூணு கியருக்கும் முன்னாலேயே உட்கார்ந்திருக்கு. 1, 2, 3, ரிவர்ஸ் எல்லாத்துலயும் சி0ங்கற கிளட்ச் பிடிச்சிருக்கும். நாலுக்குப் போகும்போது சி0 விட்டு, பி0ங்கற பிரேக் உள்ளே இருக்கற சன் கியரை (நடுப் பல்சக்கரம்) பிடிக்கணும். சி0 விட்டதுக்கும் பி0 பிடிச்சதுக்கும் நடுவுல இருக்கற இடைவெளிதான் நீங்க பார்க்கற 500. பி0 வேலை செய்யறது நாலுல மட்டும்தான், அதனால அது தேஞ்சாலும் மத்த கியர்ல ஒண்ணும் தெரியாது.

ஆனா பி0 மேல பழி போடறதுக்கு முன்னால த்ராட்டில் கேபிளைப் பாருங்க. இந்தப் பெட்டியில கியர் எப்ப மாறணும்னு கணினி சொல்லும், எவ்வளவு அழுத்தமாப் பிடிக்கணும்னு இந்தக் கேபிள்தான் சொல்லும். இன்னொருத்தரை ஆக்சிலரேட்டரை முழுசும் மிதிக்கச் சொல்லுங்க, என்ஜின் ஓடக் கூடாது. கேபிள் ரப்பர் உறையோட முனைக்கும், கேபிள் மேல நசுக்கி வெச்ச சிறு குண்டுக்கும் நடுவுல 0-லேருந்து 1 மி.மீ.தான் இருக்கணும். 4, 5 மி.மீ. இருந்தா கேபிள் தளர்வு, அழுத்தம் குறைவு, மிதிச்சா வழுக்கத்தான் செய்யும். மேலே இருக்கற ரெண்டு நட்டைத் தளர்த்தி நகர்த்தினாப் போதும். அதிகமா இழுத்து வெச்சா எல்லா கியரும் உதைச்சு விழும், அதுவும் வேண்டாம்.

கேபிளை உடனே சரி பண்ணுங்க. தளர்வாவே ஓட்டினா, நல்லா இருக்கற பி0 தகடுகளும் ஒவ்வொரு மாற்றத்துலயும் கொஞ்சம் கொஞ்சமாக் கருகும். சரி பண்ணியும் அதே 500 ஏறினா, பெட்டி பக்கவாட்டுல இருக்கற சோதனைத் துளையில பிரஷர் கேஜ் மாட்டி, கையேட்டு எண்ணோட ஒப்பிடுங்க. அழுத்தம் சரியா இருந்தும் வழுக்கினாத்தான் பிரிக்கணும். அப்பவும் ஒரு ஆறுதல், ஓவர்டிரைவ் தொகுதி முன்னால இருக்கறதால பின்பக்கம் முழுசையும் குடைய வேண்டியதில்லை. பெட்டியை இறக்கி, கன்வெர்ட்டரும் பம்ப்பும் எடுத்தா அடுத்தது அதுதான்.


கார்சித்தன்:

சொலினாய்டு கணக்கு புரிஞ்சுது, என் கருத்தை வாபஸ் வாங்கிக்கறேன். கேட்டவர் கியர் ஆயிலை இப்ப மாத்தலாமா? பழுப்பு நிறம்னு சொன்னாரே.


வால்வுபாடி:

மாற்றலாம், ஆனால் அழுத்தம் வைத்து மொத்தமாகக் கழுவும் முறை வேண்டாம். பானில் வடிவது பெட்டியிலிருக்கும் எண்ணெயில் நாலில் ஒரு பங்கை ஒட்டித்தான், மிச்சம் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் நிற்கும். வடிந்ததை அளவுக் குடுவையில் பிடித்து அதே அளவு புதியதை ஊற்றுங்கள். டெக்ஸ்ரான் 2 அல்லது 3 தரம். ஆயிரம் கி.மீ. கழித்து மறுபடி ஒருமுறை, பிறகு இன்னொரு முறை. பான் போல்ட்டுகளை 7 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்கினால் தகடு வளைந்து அங்கேயே ஒழுகும், பலர் கெடுப்பது இதில்தான். பானில் உள்ள காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறக் கூழ் இருந்தால் கவலை இல்லை. உலோகச் சீவல், கறுப்புத் துகள் இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள்.

அளவு பார்ப்பது என்ஜின் ஓடும் நிலையில், எண்ணெய் 70-80 டிகிரிக்கு வந்த பிறகு, லீவரை பி-யிலிருந்து எல் வரை போய்த் திரும்பி பி-யில் நிறுத்தி. தெர்மோஸ்டாட் மாற்றிய பிறகே இதைச் செய்யுங்கள். கியர் ஆயில் ரேடியேட்டரின் அடித்தொட்டி வழியாகவே ஓடுவதால், என்ஜின் குளிராக ஓடினால் அதுவும் சரியான சூட்டுக்கு வர நேரமாகும்.


நேர்வரிசை_ஆறு:

தெர்மோஸ்டாட் மாற்றியாயிற்று. பழையது உள்ளேயே இருந்தது, ஆனால் வால்வுத் தகட்டுக்கும் இருக்கைக்கும் நடுவே பழைய கேஸ்கெட்டின் நகக்கண் அளவுத் துணுக்கு ஒன்று சிக்கி, 3 மி.மீ. திறந்தே நின்றிருக்கிறது. கூலன்ட் ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடி குமிழ் அடங்கும் வரை ஓடவிட்டேன்.

இன்று காலை பதினோராவது நிமிடத்தில் ஊசி பாதிக்குக் கீழே வந்து நின்றது. மேல் ஹோஸ் அதுவரை குளிர், பிறகு தொட முடியாத சூடு. சென்சார் 290 ஓம். டிடி பின் 6, பிறகு 7. அதே நீண்ட இறக்கத்தில் கடைசி வரை நாலிலேயே இருந்தது, 100-ல் 2,350. கியர் ஆயிலின் முதல் தவணை இந்த வாரம். பான் காந்தத்தின் படத்தைப் போடுகிறேன்.